போர் விமானத்தைப் படமெடுக்க மலையேறிக் காத்துக் கிடப்பதில் அப்படி என்ன கிடைக்கிறது?

கேள்வியின் தோரணையைப் பார்த்தால் உங்கள் வீட்டில் யாரோ சமீபத்தில் பெரிய லென்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. என் மனைவியும் இதே குரலில்தான் கேட்டாள்.

நான் பர்மிங்காமில் இருக்கிறேன். விடியுமுன் கிளம்பி மேற்கே வேல்ஸுக்குப் போனால் மாக் லூப் என்ற மலைப் பள்ளத்தாக்குகள் வரும். மாக் என்றதும் ஒலி வேகம் என்று நினைக்க வேண்டாம், பக்கத்து ஊரான மகன்த்லெத்தின் பெயரைச் சுருக்கி வைத்தது. ராணுவ விமானிகள் தாழப் பறந்து பழகும் இடம் அது. தரையிலிருந்து 250 அடி வரைக்கும் இறங்குவார்கள். நாம் மலைச் சரிவில் நிற்பதால் விமானம் நமக்குக் கீழே போகும். அண்ணாந்து வயிற்றைப் பார்க்கிற வேலையே இல்லை. முதுகையும் கண்ணாடிக்குள் இருக்கும் ஹெல்மெட்டையும் பார்க்கலாம்.

முதல் தடவை போனபோது காட் வெஸ்ட் என்கிற சரிவில் ஏறினேன். ஏற்றம் செங்குத்து, மூச்சு முட்டிவிட்டது. மேலே ஏழெட்டுப் பேர், பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க் டீ, ரொட்டி. ஐந்து மணி நேரம் ஒன்றும் வரவில்லை. ஆடுகள் மேய்ந்தன. அப்புறம் பக்கத்திலிருந்த பெரியவர் பாதிக் கடித்த ரொட்டியை மடியில் போட்டுவிட்டு எழுந்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பள்ளத்தாக்கின் கோடியில் ஒரு புள்ளி. இங்கிலாந்தில் அமெரிக்க விமானப்படை இருக்கும் லேக்கன்ஹீத் தளத்திலிருந்து வரும் எஃப்-15ஈ போர் விமானங்கள், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. மணிக்கு 800 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 220 மீட்டர். விமானம் கடந்த பிறகுதான் இரைச்சல் வந்து நெஞ்சில் அறைந்தது. நான் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

மொத்தம் 23 படம். இருபத்திரண்டில் எதிர்மலைப் புல் இழை இழையாகத் துல்லியம், விமானம் மட்டும் சாம்பல் கறை. மிச்சம் ஒன்றில் வால்.

பெரியவர் தன் கேமரா திரையைக் காட்டினார். பின் இருக்கைக்காரர் எங்கள் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கியிருக்கிறார்! "கையைத் திருப்பாதே, இடுப்பைத் திருப்பு. புள்ளியாக இருக்கும்போதே பிடித்துக்கொள், பக்கத்தில் வந்த பிறகு தேடாதே" என்றார். ஷட்டர் வேகத்தை 1/1250 நொடியில் வைக்கச் சொன்னார். விசிறி விமானம் வந்தால் 1/200-க்கு இறக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் விசிறி நின்றுபோன மாதிரித் தெரியும். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இரண்டாவது பயணத்தில் மேகம் இறங்கிவிட்டது, ஒரு விமானமும் வரவில்லை. மூன்றாவதில்தான் உருப்படியாக ஒரு படம் கிடைத்தது.

போரை ரசிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த இறக்கையில் என்ன தொங்கும், எங்கே விழும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். வெட்டி வேலை என்றால் சரி, வெட்டி வேலைதான். ஞாயிறு முழுக்க கிரிக்கெட் பார்க்கிறவர்கள் மட்டும் அதைச் சொல்ல வேண்டாம். ஒன்று முக்கியம்: அங்கே பொது மலையில் நின்று எடுக்கத் தடையில்லை என்பதால், சூலூர் விமானப்படைத் தள வேலியோரம் போய் இதையே செய்து பார்க்காதீர்கள். நம் ஊரில் 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். அந்த மூன்றாவது பயணப் படத்தை இணையத்தில் போட்டேன். மூலையில் இருந்த என் பெயரை யாரோ வெட்டியெடுத்துவிட்டு, "லடாக் வானில் நம் ரஃபேல், பகிருங்கள்" என்று எழுதிச் சுற்றவிட்டார்கள். ரஃபேலுக்குச் செங்குத்து வால் ஒன்று, என் படத்தில் இருக்கும் விமானத்துக்கு இரண்டு. வாலில் லேக்கன்ஹீத்தின் எல்.என். எழுத்து வேறு பளிச்சென்று தெரிகிறது. கீழே வேல்ஸ் ஆடுகள்.

குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா அதை எனக்கே அனுப்பி, "உனக்குத்தான் ஏரோப்ளேன்னா பிடிக்குமே" என்றார். இது அமெரிக்க விமானம், வேல்ஸில் நான் எடுத்தது பெரியப்பா என்று விளக்கமாக எழுதினேன். கும்பிடும் கை இரண்டு போட்டு "ஜெய்ஹிந்த்" என்று பதில் வந்தது.