பூசணம் பிடித்த கல்யாண கேசட்டை டெக்கில் போடாதீர்கள்

கேள்வி: 1994-ல் எடுத்த எங்கள் கல்யாண விஎச்எஸ் கேசட் இரண்டும், மகனின் ஞானஸ்நானத்துக்கு 2004-ல் எடுத்த சின்னக் கேசட் ஒன்றும் இருக்கின்றன. பெரிய கேசட் ஒன்றில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மார்த்தாண்டத்தில் ஒருவர், வெளியூருக்கு அனுப்பி '4கே'யில் மாற்றித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, குளச்சல்)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. வாங்கி அனுப்புகிறவரிடம் பெரும்பாலும் டெக்கே (கேசட்டை ஓட்டும் விசிஆர் பெட்டி) இருக்காது. கேசட் எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது, ரசீதும் வராது. தொலைந்தால் உங்களுக்கு இன்னொரு பிரதி கிடையாது. சொந்தமாக டெக் வைத்து, உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டுகிற ஸ்டுடியோவை நாகர்கோவில், தக்கலை பக்கம் விசாரியுங்கள்.

'4கே' வெறும் பேச்சு. விஎச்எஸ் டேப்பில் படுக்கைவாட்டில் 240 கோடு அளவுக்குத்தான் விவரம் இருக்கிறது. அதை இழுத்துப் பெரிதாக்கினால் தாலி கட்டும் முகம் மெழுகுபோல வழவழப்பாகும், தெளிவாகாது. படத்தின் அளவு 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம் என்று மாற்றினால் போதும். இதற்கு மேல் காசு கொடுக்க வேண்டாம்.

இனி அந்த வெள்ளை. கேசட்டின் கண்ணாடி வழியே டேப் சுற்றின் மேல் பொடியாகவோ நூலாகவோ தெரிவது பூசணம். ஆனி ஆடி மழை, ஐப்பசி மழை என்று இரண்டு மழையும் கடல் காற்றும் உள்ள நம் ஊரில் பரணில் கிடந்தால் வரத்தான் செய்யும். 'ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம்' என்று போட்டால், டெக்கின் உள்ளே டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பொடி அப்பிக்கொள்ளும். அந்த ஹெட் பொருத்திய டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. டேப் கீறலாம், அறுந்தும் போகலாம். அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். ஆகவே அதைத் தனி பாலித்தீன் உறையில் போட்டுப் பிரித்து வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள்.

ஸ்டுடியோக்காரர் அடியிலுள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றி, டேப்பை மெதுவாகச் சுற்றியபடி பஞ்சு உதிராத துணியால் துடைக்க வேண்டும். பிறகு ஓட்டி முடித்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஹெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். 'அப்படியே ஓட்டலாம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல கேசட்டை முதலில் கடைசிவரை ஃபார்வர்டில் ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுத்தான் பிளே செய்யச் சொல்ல வேண்டும். பல வருடம் ஓடாத டேப் ஒட்டிக்கொண்டிருக்கும். கேசட் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை நீங்களே உடைத்துவிட்டுக் கொண்டுபோங்கள், மேலே தவறிப் பதிவாகாது.

கடைசிவரை விசிஆர் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு விசிஆர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. வீடுவீடாகக் கேசட் விற்ற கம்பெனிகள், அதைக் காப்பாற்ற ஒரு வழியும் வைக்காமல் ஒதுங்கிக்கொண்டன. அந்த இடைவெளியில்தான் இந்த இடைத்தரகர்கள் புகுந்திருக்கிறார்கள். தள்ளிப்போடாதீர்கள், ஓடுகிற டெக் வருடா வருடம் குறைகிறது.

சின்னக் கேசட்டுக்கு மட்டும் வேறு வழி. அதன் மேல் 'மினிடிவி' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இங்கே 'டிவி' டிஜிட்டல் வீடியோவைக் குறிக்கிறது. அப்படியானால் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் உள்ளே இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் மாட்டி எடுத்தால், டிஜிட்டலை அனலாக்காக்கி மறுபடி டிஜிட்டலாக்குகிற வீண்வேலை, தரமும் கெடும். கேமராவிலிருந்து ஃபயர்வயர் கேபிளில் அப்படியே கணினிக்கு இறக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி வரும். ஃபயர்வயர் இல்லை என்கிற கடையில் இந்தக் கேசட்டைக் கொடுக்காதீர்கள், பெரிய கேசட்டை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சரி.

வாங்கும்போது ஃபைலின் அளவைப் பாருங்கள். மூன்று மணி நேர விஎச்எஸ் கேசட்டுக்கு 10 ஜிபி அளவில் இருந்தால் நல்லது; 700 எம்பி என்றால் நசுக்கிவிட்டார்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏற, பென் டிரைவை எக்ஸ்ஃபேட் (exFAT) போன்ற முறையில் ஃபார்மேட் செய்திருக்க வேண்டும். தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் உதடும் குரலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். மூல கேசட்டுகளை எண்ணிக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.