ஆறு வருடம் கழித்தும் நிராகரிப்பு வருமா?

கேள்வி: சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வருடம் ஆகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியேட்டினின் 1.3 இருந்தது, மூன்று மாதத்தில் 1.8 ஆகிவிட்டது. சிறுநீரில் புரதம் போகிறது. ரத்தத்தில் டிஎஸ்ஏ என்ற எதிர்ப்பொருள் இருப்பதால் பயாப்ஸி (சிறுநீரகத்தில் சிறு திசு எடுத்துப் பார்ப்பது) வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பயாப்ஸி அவசியமா? பிளாஸ்மா மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: பயாப்ஸி செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போட வேண்டாம். கிரியேட்டினின் ஏற நிராகரிப்பு, அதாவது மாற்றிய சிறுநீரகத்தை உடல் எதிர்ப்பது, மட்டுமே காரணம் இல்லை. நிராகரிப்பைத் தடுக்க நீங்கள் போடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு கூடினாலும் ஏறும், எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைத் தாக்கும் பிகே வைரஸ் வந்தாலும் ஏறும். அந்த இரண்டுக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். நிராகரிப்பு என்றால் கூட்ட வேண்டும். திசுவைப் பார்க்காமல் ஊகித்து வைத்தியம் செய்வது ஆபத்து.

டிஎஸ்ஏ என்பது தானம் தந்தவரின் எச்எல்ஏ புரதங்களை (செல்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள்) எதிர்த்து உங்கள் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள். காலம் தாழ்ந்து வரும் நிராகரிப்பில் இது பெரும்பாலும் புதிதாக உருவானதாகவே இருக்கும், அதிலும் எச்எல்ஏவில் டிக்யூ என்ற வகைக்கு எதிரானது அதிகம். சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். வடிகட்டியின் சுவர் தடித்துப் புரதம் கசியும். வலியோ காய்ச்சலோ பெரும்பாலும் இருக்காது. அதனால், தொந்தரவு இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை நீக்கும் பிளாஸ்மா மாற்று, ஐவிஐஜி (நரம்பில் ஏற்றும் எதிர்ப்பொருள் கலவை), ரிட்டுக்சிமாப் என்ற மருந்து எல்லாம் கொடுக்கிறார்கள்தான். ஆனால் இந்தத் தாமத வகையில் அவை சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. போர்டெசோமிப் என்ற மருந்தைச் சோதித்த ஆய்வும் பலன் காட்டவில்லை. ஃபெல்சார்ட்டமாப் என்ற புது மருந்து நம்பிக்கை தருகிறது: 2024-ல் வெளியான 22 பேர் கொண்ட ஆய்வில், மருந்து பெற்ற 11 பேரில் 9 பேருக்கு ஆறாம் மாத பயாப்ஸியில் நிராகரிப்பின் அடையாளம் மறைந்திருந்தது. ஆனால் அந்த 9 பேரில் மூவருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பிவிட்டது. பெரிய ஆய்வு வராமல் இதை முடிந்த விஷயமாகச் சொல்ல மாட்டேன்.

இப்போதைக்கு முதலில் சரிசெய்ய வேண்டியது நீங்கள் தினமும் போடும் மாத்திரைதான். 2019-ல் கூடிய சர்வதேச நிபுணர் குழுவும் இதைத்தான் சொன்னது: டாக்ரோலிமஸின் அடிமட்ட அளவு (அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் ரத்தத்தில் இருப்பது) ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கு மேல் இருக்க வேண்டும், நிராகரிப்பைத் தடுக்கும் மற்ற மருந்துகளான மைக்கோஃபினோலேட்டையோ ஸ்டீராய்டையோ நிறுத்தியிருந்தால் திரும்பச் சேர்க்க வேண்டும். ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

அப்புறம், கேட்கத் தயக்கமாக இருந்தாலும் கேட்கிறேன்: மாத்திரை இடையில் விட்டுப்போனதா? புதிய டிஎஸ்ஏ வர இதுவே முக்கியமான காரணம். இது குற்றம்சாட்டல் இல்லை. பல வருடம் நன்றாக இருந்த யாருக்கும் கை தளரும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளும் டாக்ரோலிமஸ் அளவை இறக்கிவிடும். அதனால் வேறு யார் எழுதிய மருந்தையும் அவரிடம் காட்டுங்கள்.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போடுங்கள். முன்பே போட்டால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். குறைவாக இருப்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.