சான்றிதழ் புகுந்த வீட்டில், ஓடிபி கணவர் கையில்: நான் எப்படி வேலைக்குப் போவது?

கேள்வி: எனக்கு 24 வயது. பி.காம். முடித்து, கல்யாணத்துக்கு முன்பே கணக்காளராக வேலை பார்த்தேன். கல்யாணமான பிறகு சம்பளம் வந்த அன்றே கணவர் எடுத்துக்கொள்வார். ஏடிஎம் கார்டு அவரிடம், கணக்கில் இருப்பதும் அவருடைய செல்போன் எண். கேட்டால் அடி. போன வருடம் வேலையையும் விட வைத்துவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன் உடுத்திய துணியோடு வெளியே வந்து, தோழி வீட்டில் தங்கியிருக்கிறேன். இப்போது ஒரு நிறுவனம் வேலை தருகிறது, ஆனால் அசல் சான்றிதழ்களைக் கேட்கிறது. அவை, நகைகள் எல்லாம் அந்த வீட்டில். என் பெயரில் அவர் வாங்க வைத்த கடன் ஒன்றும் இருக்கிறது. எந்த ஆபீஸில் சேர்ந்தாலும் வந்து ரகளை செய்வேன் என்கிறார். விவாகரத்து பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் பணம் எனக்கு வேண்டாம், வேலைக்குப் போனால் போதும். சட்டத்தில் வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, சகோதரி. அதற்கு விவாகரத்து வழக்கு போட வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்கு நடந்ததில் அடி மட்டும்தான் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத்தைப் பிடுங்குவது, நகையைப் பிடித்துவைப்பது, உங்கள் பணம் உங்கள் கைக்கே வராமல் தடுப்பது ஆகியவற்றை, 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் பிரிவு 3, ‘பொருளாதார வன்முறை’ என்றே சொல்கிறது. பிரிவு 12இன் கீழ் நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) ஒரே மனு போடுங்கள். பிரிவு 27 இருப்பதால், நீங்கள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே போடலாம். அவர் ஊருக்கு அலைய வேண்டாம்.

ஆனால் மனுவுக்கு முன்னால் செல்போன் எண்ணைக் கவனியுங்கள். ஓடிபி அவருக்குப் போகும்வரை உங்கள் சம்பளம் உங்களுடையது ஆகாது. புது சிம் ஒன்று வாங்கி, ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்றுங்கள். கைரேகை வைத்தால் போதும், பழைய எண்ணுக்கு ஓடிபி போகாது. அப்புறம் வேறொரு வங்கியில், உங்கள் பெயரில் மட்டும் கணக்கு தொடங்குங்கள். கையில் பணம் இல்லையென்றால் குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்கைக் கேளுங்கள். பழைய வேலையில் பி.எஃப். பிடித்திருந்தால் அந்தக் கணக்கிலும் எண்ணை மாற்றிவிடுங்கள். ஆதாரில் புது எண் ஏறியதும், ஆவணங்களை இணையத்தில் வைத்திருக்கும் அரசின் டிஜிலாக்கரைத் திறந்து பாருங்கள். மதிப்பெண் பட்டியலோ பட்டமோ அதில் வந்திருந்தால், அது சட்டப்படி அசலுக்குச் சமம்.

சான்றிதழ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ‘தொலைந்துபோய்விட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கிவிடு’ என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அவை எங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் காகிதத்தை நீட்டி, ‘போலீஸிடமே பொய் சொன்னவர்’ என்பார், உங்கள் உண்மையான புகாரும் அதோடு அடிபடும். நேர்வழியே இருக்கிறது. உங்கள் உடைமைகளையும் சீர்வரிசை நகைகளையும் திருப்பித்தர உத்தரவிட பிரிவு 19(8) நடுவருக்கு அதிகாரம் தருகிறது. மனுவில் ‘என் பொருட்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், பான் கார்டு, ‘படுக்கையறை பீரோவின் மேல்தட்டில், நீல நிற ஃபைலில்’ என்று இடம் முதற்கொண்டு எழுதுங்கள். நகைக்கும் அப்படியே: எது, எத்தனை சவரன், யார் போட்டது. கல்யாண போட்டோவும் கடை ரசீதும் சாட்சி. சீராக வந்த நகை மனைவியின் முழுச் சொத்து, கணவர் அதைப் பாதுகாக்க வைத்திருப்பவர் மட்டுமே என்று பிரதிபா ராணி வழக்கில் 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆபீஸுக்கு வந்து ரகளை செய்வேன் என்கிறார் அல்லவா, அதற்குப் பிரிவு 18. நீங்கள் வேலை செய்யும் இடத்துக்குள் அவர் நுழையக் கூடாது, போனிலோ மெசேஜிலோ தொடர்புகொள்ளக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் அது, தருவதா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். மிரட்டல் வந்த வாய்ஸ் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். அடிபட்டதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, போட்டோ இருந்தால் அவையும் வேண்டும்.

மனுவை முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், மறைக்க விரும்பவில்லை. வேலையில் சேரும் தேதி அதுவரை காத்திருக்காது. ஆகவே மனுவோடு சேர்த்து, பிரிவு 23இல் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். அவசரம் புரிந்தால் அவர் வருவதற்கு முன்பே நடுவர் உத்தரவிடலாம். வேலை தரும் கடிதத்தின் நகலை மனுவோடு இணைத்தால் அவசரம் தானே புரியும்.

‘அவர் பணம் எனக்கு வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது. வேலையை விட வைத்ததால் போன சம்பளத்தை பிரிவு 20இன் கீழ் பண நிவாரணமாகக் கேட்கலாம். தனியாக வீடு எடுத்தால் வாடகையைக் கேட்க பிரிவு 19 இருக்கிறது. இதெல்லாம் அவர் போடும் பிச்சை இல்லை, உங்களிடமிருந்து எடுத்ததன் ஒரு பங்கு. முதல் சம்பளம் வரும்வரை எதை வைத்து வாடகை கொடுப்பீர்கள், எதை வைத்து பஸ் ஏறுவீர்கள்? பணம் தீர்ந்துபோய் அதே வீட்டுக்குத் திரும்பிப்போகும் பெண்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படித் திரும்பக் கூடாது. வேலைக்குப் போனால் ஜீவனாம்சம் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். மனைவி சம்பாதிப்பது மட்டுமே அதற்குத் தடையாகாது என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. தொகை கூடலாம், குறையலாம், அவ்வளவுதான். இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். அதில் உங்கள் சம்பளத்தை மறைக்காமல் எழுதுங்கள். உத்தரவிட்ட பிறகும் அவர் தராவிட்டால், அவருடைய சம்பளத்தில் பிடித்து உங்களுக்கு நேரே அனுப்பும்படி அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்கே நடுவர் உத்தரவிட முடியும்.

இதே காரணத்தால், காவல் நிலையத்திலோ பெரியவர்கள் பேச்சுவார்த்தையிலோ ‘எனக்கு எந்த உரிமையும் வேண்டாம்’ என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சான்றிதழைக் கொடுத்துவிடுகிறோம், இதில் மட்டும் ஒரு கையெழுத்து என்பார்கள். ‘என் வக்கீல் பார்க்கட்டும்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கடனில் நல்ல செய்தி குறைவு. உங்கள் பெயரில் இருப்பதால் வங்கி உங்களைத்தான் கேட்கும். ஆனால் பணம் யார் கைக்குப் போனது என்பதற்கு வங்கி ஸ்டேட்மென்ட் சாட்சி. அதை வைத்து, கட்ட வேண்டிய தொகையையும் அதே மனுவில் பண நிவாரணமாகக் கேளுங்கள். வங்கிக்கு எழுத்து மூலம் நிலைமையைச் சொல்லி, புது முகவரியும் தந்து, தவணையை மாற்றியமைக்கக் கோருங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கை வருடத்துக்கு ஒரு முறை இலவசம். எடுத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியாமல் இன்னொரு கடன் இருந்தால் இப்போதே தெரியட்டும்.

வக்கீல் ஃபீஸ் பற்றி யோசிக்க வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100இல் அழையுங்கள். தங்குமிடமோ உடனடிப் பாதுகாப்போ தேவைப்பட்டால் பெண்கள் உதவி எண் 181. மனுவைத் தயார்செய்ய மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலரும் உதவ வேண்டும், அது அவருடைய கடமை.

அந்த நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். குடும்பக் கதை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ‘அசல் சான்றிதழ்களைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனு செய்கிறேன், அதுவரை நகல்களையோ டிஜிலாக்கர் ஆவணங்களையோ ஏற்று, அசலைத் தர அவகாசம் தாருங்கள்’ என்ற இரண்டு வரி போதும். மனுவுக்கு எண் விழுந்ததும் அதையும் தெரிவியுங்கள்.