பழைய வேட்டியில் முகக்கவசம் தைத்தால் போதுமா?

தைக்கலாம், ஆனால் ஒற்றை மடிப்பு போதாது. வேட்டித் துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் இருமல் துளியும் வரும். நெருக்கமாக நெய்த பருத்தித் தலையணை உறை அதைவிட மேல்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் மூன்று அடுக்கு சொன்னது: உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தி, நடுவில் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைத் துணி, வெளியே பாலியஸ்டர் கலந்த துணி. நடு அடுக்குக்குத் துணி மாதிரியே இருக்கும் அந்த நெய்யாத கடைப்பையை வெட்டிக்கொள்ளலாம். பீரோவுக்குள் எப்படியும் நாலு கிடக்கும்.

அப்புறம், மூக்கின் மேல் இடைவெளி இருந்தால் இத்தனையும் வீண். மேல் ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தையுங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். தினமும் சோப்புப் போட்டுத் துவையுங்கள். நனைந்துவிட்டால் உடனே மாற்றுங்கள்.