மூன்று கிதார், ஒரே ஆள்

கேள்வி: அண்ணே, எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் மூன்று கிதார் இருந்தது. ஒருவன் பேஸ் (அடியில் ஒலிக்கும் கனமான சுரம்), ஒருவன் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), நான் லீட் (மெட்டும் இடையில் வரும் தனி வாசிப்பும்). பேஸ்காரன் துபாய் போய்விட்டான், இன்னொருவனுக்குச் சென்னையில் வேலை. இந்தக் கிறிஸ்துமஸுக்குக் காணிக்கை எடுக்கும் நேரத்தில் ஒரு பாட்டை நான் மட்டும் தனியாக வாசிக்க வேண்டுமாம். மூன்றையும் சேர்த்து வாசிக்கப் பார்த்தால் விரல் சிக்கிக்கொள்கிறது. என்ன செய்ய?
— ஒரு வாசகர், கருங்கல்

பதில்: சிக்கத்தான் செய்யும் தம்பி. மூன்று பேர் வாசித்ததை அப்படியே ஒரு கையில் ஏற்றினால் எப்படி? மெட்டும் பேஸும் சரியாக இருந்தால் நடுவில் உள்ள கார்டைக் கேட்பவர் காதே பாதி நிரப்பிக்கொள்ளும். உங்கள் நண்பர் சரக் சரக்கென்று ஆறு கம்பியையும் இழுத்தாரே, ஜி கார்டு என்றால் அதில் இருப்பது ஜி, பி, டி என்று மூன்றே சுரம், அதுதான் மேலும் கீழுமாகத் திரும்பத் திரும்ப வருகிறது.

அந்த ஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் கம்பி (தடித்தது) மூன்றாம் ப்ரெட்டும் (கிதார் கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்) ஜி, முதல் கம்பி (மெல்லியது) மூன்றாம் ப்ரெட்டும் ஜி. மெட்டு ஜியில் வந்து நிற்கும்போது வலது கைக் கட்டை விரலால் ஆறாம் கம்பியையும் மோதிர விரலால் முதல் கம்பியையும் ஒன்றாகக் கிள்ளி, நடுவிரலால் இரண்டாம் கம்பியை எதையும் அழுத்தாமல் தட்டிவிடுங்கள், அது பி. கார்டு முடிந்தது. அடுத்த தட்டுக்குக் கட்டை விரல் நான்காம் கம்பிக்குப் போனால் விட்டுப்போன டியும் வந்துவிடும், இப்படி ஆறு, நான்கு, ஆறு, நான்கு என்று அது பாட்டுக்கு நடந்தால் துபாய்க்காரர் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். அமெரிக்கக் கிதார் கலைஞர்கள் மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் எல்லாம் கட்டை விரலை இப்படி நடக்கவிட்டுத்தான் பெயர் வாங்கினார்கள். இடது கையில் இரண்டு விரல்தான் செலவு, மீதி இரண்டு மெட்டோடு ஓட.

அப்புறம் ஸ்கேல், அதாவது பாட்டின் சுருதி. மெட்டு நான்காம் கம்பிக்கு இறங்கினால் பேஸோடு முட்டிக்கொண்டு ஒரே கலங்கலாகிவிடும், அதனால் முதல் மூன்று கம்பிகளில் விழும்படி ஏற்றிவிடுங்கள். தனியாக வாசிப்பதில் ஒரே சௌகரியம் இதுதான், பாடுகிறவர்கள் தொண்டைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஈ, ஏ, டி ஸ்கேல்களில் பேஸ் திறந்த கம்பியிலேயே, அதாவது எதையும் அழுத்தாமலே, கிடைக்கும், டிக்கு ஆறாம் கம்பியை ஒரு முழு சுரம் இறக்கிக்கொண்டால் இன்னும் கனமாக இருக்கும்.

பழகும்போது முதலில் மெட்டை மட்டும், வாயால் பாடிக்கொண்டே. பிறகு ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் தட்டுக்கு மட்டும் ஒரு பேஸ். அது தடுமாறாமல் வந்த பிறகுதான் நடுவில் எதையும் சேர்க்க வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். தக்கலை பக்கம் ஒரு கல்யாண வீட்டில், தெரிந்த வித்தை எல்லாவற்றையும் ஒரே பாட்டில் திணித்து வியர்க்க வியர்க்க வாசித்து முடித்தால், முன்வரிசைப் பாட்டி கேட்டார்: "மக்களே, பாட்டு எப்போ தொடங்கும்?"

உங்கள் லீட் துண்டை விட மனசு வராது, தெரியும். முதல் தடவை மெட்டை மட்டும் சுத்தமாக வாசித்துவிட்டு இரண்டாம் தடவை நடுவில் அதை வையுங்கள், அந்த இடத்தில் பேஸைத் திறந்த கம்பியில் ஒரு தட்டு தட்டி அப்படியே ஒலிக்க விட்டுவிடலாம். காணிக்கைப் பை கடைசி வரிசைக்குப் போய்ச் சேர இரண்டு சுற்று போதும். பிக்கை (கம்பி மீட்டும் சின்னத் துண்டு) வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.