கரும்புத் தீவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்காக அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் குடியேறிய வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்ஸ், இங்கிலாந்து, ஹாலந்து ஆகியவற்றில் மிகக் கொடூரமாக நடந்துகொண்டது எது? 1763 பாரிஸ் உடன்படிக்கையில் கனடாவைக் கொடுத்துவிட்டு குவாதலூப் என்ற குட்டித் தீவைத் திரும்ப வாங்கிக்கொண்டது பிரான்ஸின் முட்டாள்தனம்தானே? பிரான்ஸ் ஜெயித்திருந்தால் இன்று அமெரிக்கா பிரெஞ்சு பேசுமா?

க., திருச்சி

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுவோம். கொடூரத்துக்கு ரேங்க் போடுவதும் வேண்டாம். ஐந்து பேருமே ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியவர்கள்.

ஆனால் 'முட்டாள்தனம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியாது. சில வாரங்களாக இந்தத் தீவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைப் பார்த்து லாப நஷ்டம் பேசுகிறீர்கள். கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் நம் கன்னியாகுமரி மாவட்டம் அளவுதான், சரி. கனடாவில் அன்று இருந்த பிரெஞ்சுக்காரர்கள் சுமார் 70,000 பேர். அங்கிருந்து முக்கியமாக வந்தது பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல். பிரான்ஸோடு நடந்த போரில், 1759இல் கனடாவின் கியூபெக், குவாதலூப் இரண்டையும் பிரிட்டன் பிடித்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பித் தருவது என்று லண்டனில் துண்டுப் பிரசுரங்களிலேயே ஒரு போர் நடந்தது. குவாதலூப் சர்க்கரை தங்கள் சந்தைக்குள் வந்தால் விலை விழுந்துவிடும் என்று ஜமைக்கா, பார்படாஸ் தோட்ட முதலாளிகளுக்குப் பயம். இரண்டு தரப்பும் நன்றாகக் கணக்குப் பார்த்துத்தான் கைமாற்றின. கனடாவின் பூர்வகுடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே 1763இல் அவர்கள் பொன்டியாக் தலைமையில் பிரிட்டிஷ் கோட்டைகளைத் தாக்கினார்கள்.

அந்தச் சர்க்கரை எப்படி வந்தது என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்காது. என் தாத்தாவுக்கு ஊரில் ஒரு கரும்பாலை இருந்தது. வெட்டிய கரும்பைப் போட்டு வைத்தால் சாறு கெட்டுவிடும் என்பதால் ராத்திரி பகலாக ஓடும். ஒரு விடியற்காலை, உருளைக்குக் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்த என் சித்தப்பா கண்ணயர்ந்துவிட்டார். மாட்டை நிறுத்துவதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன. கொப்பரையில் கொதித்த பாகின் வாசனையும் அவருடைய அலறலும் எனக்கு இன்றும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வருகின்றன. தாத்தா அந்த வருடம் ஆலையை அதோடு மூடிவிட்டார்.

கரீபியன் தீவுகளின் ஆலைகளும் இரவெல்லாம் ஓடின. பகல் முழுக்கக் கரும்பு வெட்டிய அடிமைகளே இரவிலும் ஆலையில் நின்றார்கள். கை மாட்டினால் உருளை முழு ஆளையும் இழுப்பதற்குள் வெட்டி எடுக்க, பக்கத்திலேயே ஒரு கோடரி வைத்திருப்பது அங்கே வழக்கம். கை மாட்டும் என்று முன்பே தெரிந்து வைத்த கோடரி, தம்பி. அதையும் ஒரு தளவாடமாக வாங்கி வைத்தார்கள். பிறப்பைவிட இறப்பு அதிகம். குறைந்த ஆளை அடுத்த கப்பல் ஈடுகட்டும். தீவு தன் கையில் இருந்த நான்கே வருடத்தில் பிரிட்டன் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களை அங்கே கொண்டுபோய் விற்றது. கொடி மாறியபோதும் ஆலை நிற்கவில்லை. நீங்கள் 'குட்டித் தீவு' என்று எழுதியது இந்த இடத்தைத்தான்.

பிரெஞ்சுப் புரட்சி 1794இல் அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது, குவாதலூப்பில் ராணுவ அதிகாரி லூயி தெல்கிரேயும் அவரோடு நின்றவர்களும் சரணடைய மறுத்து, மத்தூபா என்ற இடத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி மாண்டார்கள். மறுபடி விடுதலை வர 1848 ஆயிற்று.

அப்புறம் கரும்பை யார் வெட்டினார்கள் தெரியுமா? புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாக ஆள் பிடித்தார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தோடு குவாதலூப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.

கோபப்பட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கண்ணு. உங்கள் வயதில் நானும் வரைபடத்தில் நாடுகளுக்கு வண்ணம் தீட்டித்தான் வரலாறு படித்தேன்.

ஹாலந்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1667இல் தங்கள் பிரெடா நகரில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, நியூயார்க்கை இங்கிலாந்திடமே விட்டுவிட்டு, தென் அமெரிக்காவில் இருக்கும் சூரினாமை வைத்துக்கொண்டார்கள். அங்கும் கரும்புதான்.