நட்டும் பசையும்

கேள்வி: என் அப்பா கப்பல் வேலையில் இருந்தபோது லிவர்பூலில் வாங்கி வந்த மெக்கானோ பெட்டி (துளை போட்ட உலோகப் பட்டைகளை நட்டும் போல்ட்டும் போட்டுப் பூட்டி விளையாடும் சாமான்) இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பட்டைகளை அட்டையோடு சேர்த்துக் கட்டிய நூல்கூட அவிழவில்லை. இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் கட்டைகளில் அந்தச் சுகம் வருமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: நூலே அவிழவில்லை என்றால், அந்தச் சுகம் உங்களுக்கு எந்த வழியாக வந்தது?

'பத்திரமாக' என்றதும் எனக்கு ஷோகேஸ் ஞாபகம் வந்துவிட்டது. சிங்கப்பூர் சித்தப்பா கொடுத்த கார், சாவி கொடுத்தால் டமாரம் அடிக்கும் குரங்கு, கண்ணை மூடித் திறக்கும் பொம்மை எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். சாவி அம்மாவின் இடுப்பில். வருகிற விருந்தாளி "யாருக்கு இதெல்லாம்?" என்று கேட்பார். "எல்லாம் நம்ம பிள்ளைக்குத்தான்" என்று பதில் வரும். அந்தப் பிள்ளை தரையில் உட்கார்ந்து காலித் தீப்பெட்டியில் ரயில் விட்டுக்கொண்டிருக்கும். பிறகு அது படித்து, வேலைக்குப் போய், கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்க ஷோகேஸை நகர்த்தும் நாளில்தான் குரங்கு அதன் கைக்கு வரும். சாவியைத் திருகினால் டமாரத்துக்குப் பதிலாகத் துரு கொட்டும். "பார், எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தோம்" என்று வீடே பூரித்துப்போகும்.

மெக்கானோவை உண்டாக்கிய ஃபிராங்க் ஹார்ன்பி பொறியாளர் அல்லர். லிவர்பூலில் இறைச்சி இறக்குமதி செய்த ஒருவரிடம் கணக்கு எழுதியவர். மகன்களுக்கு விளையாடத் தகட்டை வெட்டிக் கொடுக்கப் போய், 1901இல் காப்புரிமை வாங்கினார். யோசனை இவ்வளவுதான்: எல்லாப் பட்டையிலும் அரை அங்குலத்துக்கு ஒரு துளை. இன்று பாலத்தில் இருக்கும் பட்டை நாளை கிரேனில் ஏறும். பாலத்தைப் பிரித்தால்தானே கிரேன்? பிரிக்கவென்றே செய்த சாமானைப் பிரிக்காமலே வைத்திருக்கிறீர்கள்.

பிரிப்பது என்று வந்த பிறகு பசையைத் திட்டாமல் என்னால் நகர முடியாது. என் போனில் பேட்டரி போய்விட்டது. கடையில் கேட்டால், உள்ளே ஒட்டியிருக்கிறதாம், திறந்தால் திரை உடைந்தாலும் உடையுமாம், புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார்கள். ஒரு திருகாணி போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? முன்பு இதே பக்கத்தில் இப்படிக் கேட்டதற்கு, என்னைத் தொழில்நுட்ப விரோதி என்று ஒரு பேராசிரியர் மூன்று பக்கம் எழுதினார்.

அவருக்காக இது. டக்ளஸ் ஹார்ட்ரீ மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர். அமெரிக்காவில் வானிவர் புஷ் செய்திருந்த, வகைக்கெழுச் சமன்பாடுகளை (ஒன்று மாற மாற இன்னொன்று எப்படி மாறும் என்று சொல்லும் கணக்குகளை)த் தீர்க்கும் ராட்சத இயந்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, 1934இல் ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவரோடு சேர்ந்து அதன் சிறு வடிவத்தைக் கட்டினார். பெரும்பாலும் மெக்கானோ சாமான்தான். செலவு சுமார் 20 பவுண்டு. சுழலும் தட்டின்மேல் ஒரு சிறு சக்கரம் உருளும். நடுவுக்குப் பக்கத்தில் இருந்தால் மெதுவாக, விளிம்புக்குப் போனால் வேகமாக. சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டிக்கொண்டே போகும் தொகையிடும் வேலையை அதுவே செய்துவிடும். முடியுமா என்று பார்க்கத்தான் கட்டினார்கள். அது நிஜமான அணுக் கணக்குகளையே போட்டுக் கொடுத்தது. கேம்பிரிட்ஜில் இதேபோல் கட்டிய இன்னொன்று கடல் கடந்து போய் இன்று நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

சரி, பிளாஸ்டிக் கட்டை. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அதுவும் பிரியும். ஆனால் அதை அழுத்தினால் போதும், பிடித்துக்கொள்ளும். மெக்கானோவில் எவ்வளவு இறுக்குவது என்பதைக் கைதான் முடிவு செய்ய வேண்டும். சட்டம் ஆடாமல் நிற்க நன்றாக இறுக்கணும். அதே இடம் கீல்போல மடங்க வேண்டுமென்றால் ஒரு நட்டைத் தளர்வாக விட்டு, அதன்மேல் இன்னொரு நட்டைப் போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று முட்டவிட்டு இறுக்கணும். அப்போது மூட்டு அசையும், நட்டு கழலாது. பத்து வயதுப் பையன் விரலைக் கிழித்துக்கொண்டு இதைக் கற்றுக்கொள்வான். வேதியியல் நோபல் வாங்கிய ஹாரி குரோட்டோ, மெக்கானோ போய் லெகோ என்ற பிளாஸ்டிக் கட்டை வந்ததைப் பற்றிப் புலம்பியது சும்மா இல்லை.

பேராசிரியர் இதற்கும் பதில் எழுதுவார். எழுதட்டும். ஆனால் உறையை ஒட்ட வேண்டாம், பின் அடித்து அனுப்பினால் போதும். போன தடவை பிரிக்கும்போது பாதிக் கடிதம் கிழிந்துவிட்டது.